கொலுப்பெட்டியும் போகித் தீயும்

ஆண்டில் இரண்டு முறை பரண் காலியாகிறது. மகாளய அமாவாசையை ஒட்டிக் கொலுப்பெட்டிகள் இறங்குகின்றன. மார்கழிக் கடைசியில் போகிக்காக மற்றவை இறங்குகின்றன. கொலுவுக்கு இறங்கியது பத்துப் பன்னிரண்டு நாளில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். போகிக்கு இறங்கியதில் ஒரு பகுதி திரும்ப ஏறாது. ஒன்று காக்கும் விழா, மற்றது கழிக்கும் விழா என்று பெயரிட்டு நகர்ந்துவிடலாம்; பலரும் அப்படித்தான் நகர்ந்துவிடுகிறார்கள். சற்று நின்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கொலுவுக்குள் கழித்தலும் போகிக்குள் காத்தலும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பது புலப்படும். அந்தக் கலப்புத்தான் இங்கு நம் அக்கறை.

ஒப்பிடத் தொடங்குமுன் ஒரு வேற்றுமையை ஒப்புக்கொண்டாக வேண்டும். போகி எல்லார் வீட்டிலும் உண்டு. ஒற்றை அறை வீட்டிலும் கிழிந்த பாய் ஒன்றும் தேய்ந்த துடைப்பம் ஒன்றும் இருக்கும், அவ்வளவு போதும். கொலுவுக்கு அது போதாது. பொம்மைகள் வேண்டும், அவற்றை ஆண்டு முழுதும் வைத்திருக்க இடம் வேண்டும், ஒன்பது நாளும் கூடத்தின் ஒரு சுவரை விட்டுக்கொடுக்க மனம் வேண்டும், மாலைதோறும் சுண்டல் வேகவைத்து வருகிறவர்களை உட்கார வைக்க ஆள் வேண்டும். நெடுங்காலம் சில சமூகங்களின் வீடுகளில் மட்டுமே கொலு இருந்ததற்குப் பொருள் வசதியும் ஒரு காரணம். இன்று கோயில் மண்டபங்களிலும் அடுக்ககங்களின் பொது அறைகளிலும் அது பரவியிருக்கிறது. என்றாலும் தெருவே சேர்ந்து செய்வது போகி, வீடு தன் விருந்தினருக்காகச் செய்வது கொலு என்ற வேறுபாடு இன்னும் முழுதாக மறையவில்லை.

காலக்கணக்கிலும் இரண்டும் இரு வழி. போகி சூரியனைப் பின்பற்றுகிறது. ஜனவரி 13 அல்லது 14, அதற்கு அப்பால் நகராது. நவராத்திரி நிலவைப் பின்பற்றுவதால் முன்னும் பின்னும் அலைகிறது. 2022இல் விஜயதசமி அக்டோபர் 5. அடுத்த ஆண்டே அக்டோபர் 24. 2025இல் அக்டோபர் 2. பஞ்சாங்கம் படிப்பவருக்கு இது செய்தியே அன்று. பொம்மை மூட்டை கட்டுகிறவருக்கு இதுதான் முதல் கவலை. ஏனெனில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் மூன்றாம் வாரம். விஜயதசமி முன்னால் வந்தால் உலர்ந்த காற்றில் நிதானமாகப் பொதிந்து வைக்கலாம். பின்னால் வந்தால், வெளியே மழை பிடித்துக்கொண்டிருக்கும்போது ஈரம் ஏறிய மண் பொம்மையை அப்படியே பெட்டிக்குள் அடைக்க நேரிடும். அடுத்த புரட்டாசியில் திறந்தால் முகத்துச் சாயம் துணியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

ஆக, மழைக்கு முன்னால் கொலு, மழைக்குப் பின்னால் போகி. இரண்டுக்கும் நடுவில் தமிழகத்துக் கிழக்குப் பகுதியின் ஈரமான மூன்று மாதங்கள் கிடக்கின்றன. கொலு, அடைத்து வைத்தவற்றுக்கு மழைக்கு முன் ஒருமுறை காற்றும் வெளிச்சமும் காட்டுகிறது. போகி, மழை எதையெல்லாம் கெடுத்துவிட்டுப் போனது என்று கணக்கெடுக்கிறது. கோரைப்பாயின் அடியில் கரும்புள்ளி பூத்திருக்கும். முறத்தின் விளிம்புப் பிரம்பு விட்டிருக்கும். பரணில் கரையான் மண்கோடு இழுத்திருக்கும். அறுவடை வீட்டுக்கு வரும் நேரத்தில் இவையெல்லாம் வெளியேறியாக வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கொங்கு நாட்டில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்து இறவாணத்தில் காப்புக் கட்டினால் வீடு தைக்குத் தயார். பக்தியைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் இரண்டு விழாக்களும் வீட்டுப் பராமரிப்பின் இரண்டு தவணைகளாக நிற்கும். நடுவில் தீபாவளிக்கு ஒட்டடை அடிப்பதும் உண்டு; ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் உயரத்தோடு நின்றுவிடும், பரணைத் தொடாது.

இனிக் கைவேலைக்கு வருவோம். ஒரு தசாவதாரப் பெட்டி பிரிக்கப்படுவதைப் பாருங்கள். மூடியின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் ‘தசா 10, கவனம்’ என்று எழுதியிருக்கிறது. பொம்மை ஒவ்வொன்றும் முதலில் பழைய வேட்டித் துண்டில், அதன்மேல் செய்தித்தாளில், இடுக்குகளில் பாச்சை உருண்டை. மச்சமும் கூர்மமும் உருண்டு திரண்டு இருப்பவை, அவற்றுக்கு ஆயுள் கெட்டி. ஓங்கிய கையோடு நிற்கும் நரசிம்மருக்கு விரல் போயிருக்கும். பரசுராமரின் கோடரி, இராமரின் வில், கல்கியின் வாள் மூன்றும் பஞ்சு வைத்த தீப்பெட்டி ஒன்றில் தனியே தூங்குகின்றன. நீட்டிக்கொண்டிருப்பதுதான் முதலில் உடையும் என்று யாரோ ஒரு பாட்டி கண்டுகொண்டு செய்த ஏற்பாடு. வாமனரின் குடை எந்த ஆண்டிலோ தொலைந்து, அந்த இடத்தில் பல்குத்தும் குச்சியில் வண்ணக் காகிதம் ஒட்டிய குடை வந்திருக்கிறது. முறிந்த கையை எம்-சீல் வைத்துச் சேர்த்த தழும்பு வேட்டிக் கரை வரைந்து மறைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவையும் ஒரு ஆள் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்து செய்கிறார். பிரித்த செய்தித்தாளைப் படிக்காமல் மடிப்பதில்லை என்பதால் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகும்.

செய்தித்தாளைப் பற்றி ஒரு வார்த்தை. அது கையில் கிடைப்பது, செலவில்லாதது. ஆனால் பொம்மைக்கு நல்லது அன்று. மலிவான மரக்கூழ்த் தாள் நாளாக ஆகப் பழுத்து அமிலம் கசியும், அச்சு மை வெளிர் நிறங்களில் படியும். வேட்டிதான் சரியான உறை. அதிலும் புது வேட்டி உதவாது; கஞ்சிப் பசை இருந்தால் வெள்ளிப்பூச்சி வரும். ஐம்பது அறுபது முறை துவைத்து, பசையெல்லாம் போய், நூல் மெத்தென்று ஆகி, இனி உடுத்த முடியாது என்று ஒதுக்கப்பட்ட வேட்டி வேண்டும். அதாவது போகிக்குப் போக வேண்டிய வேட்டி. இரண்டு விழாக்களும் ஒரே துணியைக் கேட்கின்றன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தெருமுனைக் குவியலில் எரிந்திருக்கக்கூடிய கிழிசல், பெட்டிக்குள் மச்சாவதாரத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குப் பதவி பெற்றுவிடுகிறது. இந்த வேட்டியைப் பழையதென்று எண்ணுவதா, குடும்பச் சொத்து என்று எண்ணுவதா என்று கேட்டால் வீட்டில் யாரிடமும் விடை இருக்காது.

போகிக் குவியலுக்கும் இப்படி ஒரு மறைவான பக்கம் உண்டு. எரிவதைத்தான் நாம் பார்க்கிறோம். எரியுமிடத்துக்கு வந்து சேர்வது கடைசி எச்சம் மட்டுமே என்பதைப் பார்ப்பதில்லை. பரணிலிருந்து இறங்கியதில் பித்தளையும் இரும்பும் காயலான் கடைக்குப் போயிருக்கும். தாள் கட்டுகள் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறியிருக்கும். அசல் ஜரிகை உள்ள பட்டுப்புடவைக்கு வாசலுக்கே வந்து விலை பேசுகிறவர் உண்டு. பருத்திப் புடவையை எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றிக்கொள்கிறவரும் உண்டு. நல்ல சட்டை வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்குப் போகும், நைந்த சட்டை அடுப்படித் துணியாகும். இத்தனை சல்லடைகளிலும் தங்காமல் விழுவதுதான் தீக்கு. பழங்காலத்து வீட்டில் அப்படி விழுந்தது எவ்வளவு சிறிது என்று எண்ணிப் பார்த்தால், போகியை ஊதாரித்தனத்தின் விழா என்று சொல்லக் கூசும்.

மறுபுறம், கொலுவைப் பாதுகாப்பின் விழா என்று மட்டும் சொல்லவும் முடியாது. கொலுப்படி கடுமையான தேர்வாளர். மூக்கு உடைந்த தெய்வப் பொம்மைக்குப் படியில் இடமில்லை. எம்-சீலுக்கு அடங்கினால் பின்வரிசை, அடங்காவிட்டால் விடை. படிகள் ஒற்றைப்படை எண்ணில்தான் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர வேண்டும். கூடத்தின் அகலமோ கூடுவதில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தெளிவு. பண்ருட்டியிலிருந்தோ மதுரை விளாச்சேரியிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ வந்த புதுத் திருமணக்கோலம் இரண்டாம் படியில் அமர்ந்தால், அங்கிருந்த யாரோ ஒருவர் பெட்டியிலேயே தங்கிவிடுகிறார். இரண்டு ஆண்டு தொடர்ந்து தங்கினால் அவர் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்படுவார். ஓசையில்லாமல் நடக்கும் கழித்தல் இது. போகி பழைய முறத்தை எரித்துவிட்டுப் புது முறம் வாங்குவதற்கும், கொலு பழைய பொம்மையை ஒதுக்கிவிட்டுப் புதியதை ஏற்றுவதற்கும் கணக்கு ஒன்றுதான். வெளிச்சம் மட்டும் வேறு.

எந்தத் தேர்வுக்கும் உட்படாத பொம்மைகள் இரண்டு உண்டு: மரப்பாச்சி. முறைப்படி செம்மரத்தில் கடைந்த இணை. சாயம் கிடையாது, எனவே உரிவதும் கிடையாது. திருமணமாகிப் போகும் மகளுக்குத் தாய் வீடு கொடுத்தனுப்புவது. ஆண்டுதோறும் உடை மாற்றுகிறார்கள்; ஆள் அப்படியே இருக்கிறார். விஜயதசமி இரவு கொலு முடிந்ததன் அடையாளமாகப் பல வீடுகளில் படுக்க வைக்கப்படுவதும் இவர்களே. கழித்தலுக்கு அப்பாற்பட்ட ஒன்றை நடுவில் நிறுத்தி, மற்றவற்றைக் கழியவும் சேரவும் விடுவது கொலுவின் அமைப்பு. போகிக்கு இப்படி ஒரு மையப்பொருள் இல்லை. அங்கே நிலையானது அடுப்பும் அதன் மேல் மறுநாள் ஏறப்போகும் புதுப் பானையும். பானை ஆண்டுதோறும் புதியது, அடுப்பிடம் மட்டும் பழையது.

தவறு செய்தால் என்ன ஆகும் என்ற கேள்வியில்தான் இரண்டும் உண்மையாகவே பிரிகின்றன. கொலுவில் செய்த பிழையைத் திருத்தலாம்: தவறாக ஒதுக்கியதை அடுத்த ஆண்டு மேலேற்றலாம். தீயில் செய்த பிழைக்குத் திருத்தம் இல்லை. போகியில் எரிந்த ஏடுகளைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒரு தீராத வருத்தம் பேசப்பட்டு வருகிறது. அந்த வருத்தம் வெறும் கற்பனை அன்று. ஆனால் குற்றம் முழுவதையும் போகியின் தலையில் போடுவதும் நியாயமாகாது. உ.வே. சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகம முறைப்படி ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொல்லக் கேட்டு மனம் நொந்ததைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றோடு விடும் வழக்கமும் இருந்தது. இவற்றில் அலட்சியத்தைவிட மரியாதையே மிகுதி என்பதுதான் வேதனை. எழுத்தைக் குப்பையில் போடக் கூடாது என்று எண்ணியவர்களே அதை நெருப்புக்கும் நீருக்கும் கொடுத்தார்கள். கொலு வீடுகளிலும் இதே மனநிலைதான்: உடைந்த பிள்ளையாரைக் குப்பைத் தொட்டியில் போட யாருக்கும் கை வராது. அரசமரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு வருகிறார்கள். சென்னையில் எந்தப் பழைய அரசமரத்தின் அடியிலும் சட்டமுடைந்த சாமிப் படங்களோடு தலையில்லாத பொம்மைகளும் நிற்பதைக் காணலாம். ஏட்டுக்கு ஆறு, பொம்மைக்கு மரத்தடி. கழிப்பவரே கழித்தோம் என்று எண்ணாதிருக்க இடம் தரும் ஏற்பாடு இரண்டும்.

பொருள்கள் மாறியதில் இரு விழாக்களும் பட்ட பாடும் ஒரே மாதிரியானது. கோரை, மூங்கில், தென்னங்குச்சி, பனையோலை, பருத்தி, வைக்கோல்: போகித் தீ இவற்றுக்காக ஏற்பட்டது. எரிந்தால் சாம்பல், சாம்பலை எருக்குழியில் கொட்டலாம். டயரும் பிளாஸ்டிக் பாயும் ரெக்சின் பையும் அதே குவியலில் ஏறியபோது விழாவின் இயல்பே திரிந்தது. மார்கழிப் பனி மூட்டத்தோடு அந்தப் புகையும் சேர்ந்து தரைமட்டத்திலேயே தங்கிவிட, 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் இறங்க முடியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. மாநகராட்சி சில ஆண்டுகளாகப் பழைய பாய், துணி, டயர்களைத் தனியாக வாங்கிக்கொள்கிறது. கொலுவின் மாற்றம் புகை கிளப்பவில்லை, அதனால் செய்தியாகவில்லை. மண்ணும் காகிதக்கூழும் இருந்த இடத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிசும் ஃபைபரும் வந்துவிட்டன. சுட்ட மண் உடைந்தால் மண்ணோடு சேரும். ஃபைபர் எதிலும் சேராது. அரசமரத்தடி ஏற்பாடு அதனிடம் செல்லுபடியாகவில்லை.

படிகளுக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. முன்பு பொம்மைகளை வெளியே எடுத்ததும் காலியாகும் டிரங்குப் பெட்டிகளே படியாயின. பெரிய பெட்டி கீழே, சிறியது மேலே, இடையில் பெஞ்சுப் பலகை, உயரம் போதாவிட்டால் இரண்டு கட்டு பழைய புத்தகம். மேலே ஒரு வெள்ளை வேட்டி விரித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காக்கும் கலமே காட்டும் மேடையாக மாறிய அந்தச் சிக்கனம் அழகானது. இன்று மடக்கி வைக்கும் இரும்புப் படி கடையில் கிடைக்கிறது. பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். ஆனால் பெட்டிகளும் பரணில், படியும் பரணில்! ஒழுங்குபடுத்த வாங்கிய பொருளே இடத்தை அடைத்துக்கொண்டு, போகியன்று இதை என்ன செய்வது என்று விவாதிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது.

இவ்வளவு தூரம் நாம் இரண்டையும் மழையின் இரு கரைகளில் நிறுத்தியே பேசினோம். வடக்கே ஆந்திரத்துக்குப் போனால் இந்த நிறுத்தமே கலைந்துவிடும். அங்கே பல வீடுகளில் பொம்மைக் கொலு வைப்பது சங்கராந்திக்கு. விடியலில் போகி மண்டலு என்று தெருவில் தீ மூட்டுகிறார்கள். அன்று மாலையே கூடத்தில் படிகளில் பொம்மைகள் அமர்கின்றன; குழந்தையை நடுவில் உட்கார வைத்து இலந்தைப்பழமும் பூவும் காசும் தலைவழியே கொட்டி வாழ்த்துகிறார்கள். காலையில் பரணிலிருந்து இறங்கியதில் எது தீக்கு, எது படிக்கு என்று ஒரே கை ஒரே நாளில் பிரிக்கிறது. நாம் மூன்றரை மாத இடைவெளி விட்டுச் செய்வதை அவர்கள் பன்னிரண்டு மணி நேரத்தில் செய்து முடிக்கிறார்கள். நம் இரு விழாக்களும் உறவினர்கள் என்று நாம் தயங்கித் தயங்கி நிறுவ முயன்றது, அங்கே நடைமுறையாகவே இருக்கிறது. நமது இடைவெளிக்கும் ஒரு பயன் உண்டு என்பேன்: கொலுவில் கண்ட பொம்மையைப் பற்றி மழைக்காலம் முழுதும் யோசித்துவிட்டுப் போகியில் முடிவெடுக்கலாம். ஆந்திரத்தாருக்கு அந்த அவகாசம் இல்லை. எனவே சண்டையும் அன்றைக்கே தீர்ந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

யார் முடிவெடுப்பது என்பதும் ஒப்பிடத் தக்கதே. போகியில் அதிகாரம் குரல் உயர்ந்தவரிடம் இருக்கும்; ஏணியில் ஏறுபவர் ஒருவர், கீழே நின்று ‘அது வேண்டாம், இது இருக்கட்டும்’ என்பவர் வேறொருவர். கொலுவில் அதிகாரம் பெட்டியின் சொந்தக்காரியிடம் இருக்கும். பொம்மைகள் பெரும்பாலும் தாய்வழியே வருவதால் மாமனார் வீட்டுப் பரணில் இருந்தாலும் அவை அவள் கணக்கு. பாகப்பிரிவினைப் பத்திரங்களில் பொம்மைகள் இடம்பெறுவதில்லை. ஆனால் தசாவதாரம் ஒரு மகளுக்கும் செட்டியார் கடை இன்னொரு மகளுக்கும் என்று பிரிந்த கதைகள் எல்லா ஊரிலும் கேட்கலாம். பத்தையும் ஐந்து ஐந்தாகப் பிரித்த குடும்பம் எதுவும் என் காதுக்கு எட்டவில்லை.

இரண்டு விழாக்களும் தொடாத ஒரு மூன்றாம் வகை வீட்டில் சேர்ந்துகொண்டே போகிறது. பள்ளிச் சான்றிதழ்கள், தபால் அட்டைகள், ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட புகைப்படங்கள், பழைய கைப்பேசிகள். அரிய பொருள்கள் கெடுவது பெரும்பாலும் தீயாலன்று, ஆண்டுக்கணக்கில் யாரும் திறந்து பார்க்காததால்தான். பொம்மைகள் பிழைத்திருப்பதற்கு அவை ஆண்டுக்கொரு முறை கைபடுவதே காரணம். சில வீடுகளில் இப்போது படிகளுக்குப் பக்கத்தில் கடுகு முளைக்கவிட்டு அமைக்கும் பார்க்கில் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியையும் பாட்டியின் பித்தளைக் காபி ஃபில்டரையும் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மரபில் இல்லாதது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு இது கொலுவின் இயல்புக்கு ஒத்ததாகவே படுகிறது. கண்ணாடியும் ஃபில்டரும் இனி ஆண்டுக்கொரு முறை துடைக்கப்படும். கல்யாண வீடியோ கேசட்டின் நிலைதான் சிக்கல். ஓட்டிப் பார்க்கக் கருவி இல்லை, படியில் வைத்தால் பார்க்க ஒன்றுமில்லை, தீயில் போட்டால் நச்சுப் புகை, பழைய பேப்பர் கடைக்காரரும் வேண்டாம் என்கிறார். மாநகராட்சி வண்டி ஒருவேளை எடுத்துக்கொள்ளலாம். போகிக்கு முந்தின நாள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க மணமகன், மணமகள் இருவரில் யார் முதலில் சம்மதிக்கிறார் என்று பார்க்க வேண்டும்.